சிறப்பு ழகரம்

எம். புதுப்பட்டி மும்முயல் மார்க் பட்டாசுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்வதைவிடச் சொர்க்கத்துக்குள் நுழைவது லேசு. சொர்க்க வாசலில் யாரும் வாழைப்பழத்தைக் காட்டி இது என்ன என்று கேட்பதில்லை.

கம்பெனியில் கேட்டார்கள். கேட்பதற்கென்றே 'மண்ணின் மைந்தர் தேர்வுக் கமிட்டி' என்று ஒன்று எட்டு வருஷமாக இருந்தது. அதில் மூன்று பேர். தலைவர், மேனேஜர் லட்சுமிகாந்தம். அடுத்தவர் ஸ்டோர் கீப்பர் வெள்ளைத்துரை. சுற்றுப்பட்டு அறுபது கிராமத்தில் யார் யாருக்குச் சித்தப்பன் என்பது அவருக்கு மனப்பாடம், மருந்து மூட்டை எத்தனை என்பதுதான் மறந்துவிடும். மூன்றாமவர் கேட் வாட்ச்மேன் ஒச்சப்பன். மற்ற இருவரும் எந்தப் பக்கம் தலையாட்டுகிறார்களோ அந்தப் பக்கம் தடியை ஆட்டுவது அவர் பொறுப்பு.

உள்ளூர்க்காரனுக்குத்தான் வேலை என்பது கமிட்டியின் சட்டம். உள்ளூர்க்காரன் யார் என்பதில் குழப்பம் வரக்கூடாது அல்லவா? லட்சுமிகாந்தம் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை முதல் தேதி கோவில்பட்டிப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர். ஆகவே அந்தச் சித்திரை முதல் தேதிவரை வந்தவர்கள் எல்லாரும் மண்ணின் மைந்தர்கள். இரண்டாம் தேதியிலிருந்து வந்தவர்கள் வந்தேறிகள். அவருடைய மச்சினன் இரண்டாம் தேதி வந்தவன் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. 'பஸ் பஞ்சராகி வழியில் நின்ற நாள் கணக்கில் சேராது' என்று சட்டத்தைத் திருத்தினார்கள்.

இந்தக் கமிட்டியின் முன்னால்தான் அறுபத்தைந்தாம் வருஷம் ஆனி மாதம் ஊர்க்காவலன் வந்து நின்றான்.

ஊர்க்காவலன் என்று பெயர். காவல் காக்கத்தான் ஊர் இல்லை. தாத்தா பெத்தணன் மல்லாங்கிணற்றிலிருந்து கப்பலேறி ரங்கூனுக்குப் போனவர். பேரன் முப்பத்தெட்டு வயதில் அதே மாதிரிக் கப்பலில் திரும்பி வந்தான், கட்டின வேட்டியும் மனைவி வேலுத்தாயும் ஒரு தகரப்பெட்டியுமாக. அங்கே 'இந்தியாக்காரன், போ' என்றார்கள். இங்கே 'பர்மாக்காரன் வந்துட்டான்' என்றார்கள். நடுக்கடலில் இருந்த நாட்களில் மட்டும் அவன் எந்த நாட்டுக்காரனும் இல்லாமல் நிம்மதியாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

மல்லாங்கிணற்றில் பங்காளி கருப்பணன் தன் மாட்டுக்கொட்டத்தில் இடம் கொடுத்திருந்தார். கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "ஐப்பசி மளைக்கு மாட்டை உள்ள கட்டணும்ப்பா. அதுக்குள்ள ஒரு வளி பாத்துக்கோ." மாட்டுக்கு உரிமை அதிகம், அது மல்லாங்கிணற்றிலேயே பிறந்தது. ஐப்பசிக்குள் வேலை கிடைத்தால் கம்பெனி லைன் வீட்டில் ஓர் அறை. கிடைக்காவிட்டால் மெட்ராஸ் பக்கத்து அகதி முகாமுக்குத் திரும்பவேண்டும். அங்கே ஒரு தார்ப்பாய்க்குக் கீழே நாலு குடும்பம். "செத்தாலும் அங்கன வர மாட்டேன்" என்று வேலுத்தாய் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

"சொந்த ஊரு?" என்றார் லட்சுமிகாந்தம்.

"மல்லாங்கிணறுங்க ஐயா."

"பொறந்தது?"

"ரங்கூன்."

"அப்ப மல்லாங்கிணறுன்னு ஏன் சொன்னே?"

"சொந்த ஊரு கேட்டீக. தாத்தா பெத்தணன் அந்த ஊருதான். அதான்."

லட்சுமிகாந்தம் வெள்ளைத்துரையைப் பார்த்தார். வெள்ளைத்துரை கண்ணை மூடி அறுபது கிராமத்தையும் ஒருமுறை சுற்றிவந்தார். "பெத்தணனுக்குப் பேரன் முறையில மூணு பேருதான். இந்த மூஞ்சி அதுல இல்ல."

"சரி, பரீட்சை வச்சிருவோம்" என்று லட்சுமிகாந்தம் இழுப்பறையைத் திறந்து ஒரு பழத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது என்ன?"

"வாழைப்பழம்" என்றான் ஊர்க்காவலன்.

ஒச்சப்பன் கையிலிருந்த தடி கீழே விழுந்தது.

விஷயம் இதுதான். ரங்கூன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஊர்க்காவலனுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ழகரத்தில் மகா கண்டிப்பு. ழ சரியாக வராத பிள்ளையின் நாக்கை மரஸ்கேலால் மடித்துவிடுவார். இந்தப் பக்கத்திலோ மழை மளையாகவும் பழம் பளமாகவும் ஆகிப் பல தலைமுறை ஆயிற்று. அதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. மளையிலும் நனையத்தான் செய்கிறது, பளமும் இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் கமிட்டி அதைச் சட்டமாக்கியிருந்தது.

"கேட்டீரா வெள்ளைத்துரை? நாக்கு எங்கெங்கயோ போயிட்டு வருது. நம்ம மண்ணுல பொறந்த நாக்கு இப்படிச் சுருளுமாவே?" என்றார் லட்சுமிகாந்தம். பதிவேட்டைத் திறந்து அழகான கையெழுத்தில் எழுதினார்: 'மேற்படி நபரின் ழகரம் சந்தேகத்துக்குரியது.' பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இரக்கமுள்ள குரலில் பேசினார்.

"தம்பி, வருத்தப்படாதீக. இந்தக் கம்பெனி யாரையும் ஒதுக்குறதில்ல. ஒதுங்கி நிக்கிறவுகளை உள்ள விடுறதில்ல, அம்புட்டுத்தான். எங்களுக்கு எல்லாரும் சமம். சமமா இருக்கிறவுகளுக்குள்ள நம்மாளுகளா பாத்து எடுத்துக்கிடுதோம். போயிட்டு வாங்க. கடுதாசி போடுதோம்."

கடுதாசி வரவில்லை. வேலுத்தாய் ஒரு மாதம் புருஷனுக்குப் பாடம் நடத்தினாள். மாட்டுக்கொட்டத்தில் விளக்குமாற்றை வைத்துக்கொண்டு, "சொல்லுங்க, வாளப்பளம். திரும்பவும் சுருட்டுறீக பாருங்க! நாக்கை நீட்டிப் போடுங்க, படுத்துக் கிடக்கட்டும்" என்றாள். வாத்தியார் அடித்து ஏற்றிய ழகரத்தை மனைவி அடித்து இறக்கினாள்.

ஆடி மாதம் மறுபடி போனான். பழம் மேசைக்கு வந்தது.

"வாளப்பளம்!" என்றான், பசுமாடே திரும்பிப் பார்க்கிற மாதிரி.

லட்சுமிகாந்தத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். வெள்ளைத்துரைதான் கமிட்டியின் மானத்தைக் காப்பாற்றினார். "நம்மாளு பளத்தைப் பாத்தா பேரா சொல்லுவான்? எடுத்து உரிப்பான்லா! பேரு சொல்றதே வெளியூர்ப் பளக்கம்." எழுதிக்கொண்டார்கள்.

ஆவணியில் மூன்றாம் தடவை போனான். பழத்தை வைத்ததுதான் தாமதம், வாயே திறக்காமல் எடுத்து உரித்து இரண்டு கடியில் தின்றுவிட்டான். தோலை வேட்டியில் முடிந்துகொண்டான்.

'கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. கம்பெனிச் சொத்தைத் தின்றார்' என்று பதிவேட்டில் ஏறியது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஊர்க்காவலன் நெஞ்சில் ஏதோ புகைந்தது. பழம் செரிக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தான். இல்லை. அது வேறு மருந்து. யாராவது திரி வைத்தால் போதும்.

திரி, முதலாளி சுந்தரபாண்டி உருவத்தில் வந்தது.

முதலாளிக்குப் புரட்டாசியில் மணிவிழா. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்து, மூன்று முயல்களை மூவாயிரம் கடைக்கு ஓட வைத்தவர் அவர். வாசிப்பதற்கு ஆள் வைத்திருந்தார். திருத்தங்கல் பக்கத்தில் எவனோ ஒரு போட்டிக் கம்பெனிக்காரன் தன் மகள் கல்யாணத்தில் நெருப்பாலேயே பெயர் எழுதிக் காட்டினான் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. "எனக்கும் நெருப்புல எளுதணும்வே" என்று லட்சுமிகாந்தத்திடம் சொல்லிவிட்டார். "அவனுக்கு ரெண்டு பேரு மட்டுந்தான் எளுதினாக. எனக்குப் புகள்ந்து எளுதணும்."

எழுத்து வாணம் லேசுப்பட்ட வேலை இல்லை. ஆளுயர மூங்கில் சட்டத்தில் எழுத்தின் வளைவுக்குத் தக்கபடி சின்னச் சின்ன மருந்துக் குழல்களாக நட்டு, எல்லாவற்றையும் ஒரே திரியில் கோக்கவேண்டும். ஒரு மூலையில் தீ வைத்தால் நொடியில் எழுத்து மொத்தமும் வெள்ளையாக எரியவேண்டும். எம். புதுப்பட்டியில் வெடிக்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர். எழுதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தேடித் தேடிக் கடைசியில் குப்பைக்குப் போக இருந்த மனுக்கட்டில் ஒரு வரி கிடைத்தது: 'ரங்கூனில் சீனர் ஒருவரின் வாணக்கடையில் பதினெட்டு வருஷம் எழுத்து வாணம் செய்திருக்கிறேன்.'

கமிட்டி அவசரமாகக் கூடியது. வந்தேறியை வேலைக்கு வைத்தால் சட்டம் கெடும். வைக்காவிட்டால் மணிவிழா கெடும். மூன்று மணிநேரம் வாதாடி ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள்: 'மேற்படி நபர் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. மேற்படி நபரின் வேலை மட்டும் சேர்த்துக்கொள்ளப்படுகிறது.'

அதன்படி ஊர்க்காவலன் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே கருவேல மரத்தடியில் உட்கார்ந்தான். மருந்தும் மூங்கிலும் சுவருக்கு மேலாக வந்தன. தண்ணீர் கேட்டால் ஒச்சப்பன் செம்பைச் சுவர்மேல் வைத்துவிட்டு, தான் வைத்ததாக யாருக்கும் தெரியாதபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"விளா நல்லா நடந்தா லைன் வீடு பரிசீலிக்கப்படும்" என்று லட்சுமிகாந்தம் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஊர்க்காவலன் வெயிலில் உட்கார்ந்திருந்தான். அதுவரை அவனிடம் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது.

வாசகத்தைக் கமிட்டியே இயற்றியது. 'முதலாளியே ஒளி.' முதலாளிதான் வெளிச்சம், அவர் இல்லாவிட்டால் சிவகாசி வட்டாரமே இருட்டு என்று பொருள். ஊர்க்காவலன் அதைக் காகிதத்தில் பெரிதாக வரைந்து சுவர் வழியாக அனுப்பினான். ஒரு மணிநேரத்தில் கமிட்டி மூன்றும் காகிதத்தோடு கேட்டுக்கு வெளியே வந்துவிட்டது.

"என்னலே இது, ஒளிக்குப் பொது ளகரம் போட்டிருக்கே?" என்றார் லட்சுமிகாந்தம்.

"ஒளிக்கு அதுதானுங்க ஐயா."

"இது பொது விளாவா? சிறப்பு விளால்லா! சிறப்பு விளாவுக்குச் சிறப்பு ளகரம் போடணுமா, வேண்டாமா?"

அவர் எட்டாங்கிளாஸ் இலக்கணத்தில் ஒரு பக்கத்தை மறக்காமல் வைத்திருந்தார். ளகரத்துக்குப் பொது ளகரம் என்று பெயர், ழகரத்துக்குச் சிறப்பு ழகரம் என்று பெயர். ஏன் அப்படிப் பெயர் என்பது அடுத்த பக்கத்தில் இருந்திருக்கும்.

ஊர்க்காவலனுக்கு விளங்கவில்லை. "எந்த ளகரம்யா?"

"ளகரம் வேண்டாம்லே. ளகரம் போடு!"

"போட்டிருக்கிறதும் ளகரந்தானுங்களே?"

"அந்த ளகரம் இல்ல, இந்த ளகரம்!" லட்சுமிகாந்தம் வாயை அகலத் திறந்து விரலால் சுட்டிக் காட்டினார். உள்ளே வெற்றிலைதான் இருந்தது.

"வாலு வச்ச ளானாவைச் சொல்லுதாக" என்று வெள்ளைத்துரை உதவிக்கு வந்தார்.

பொறுமை இழந்த லட்சுமிகாந்தம் சிவப்புப் பென்சிலைப் பிடுங்கி, 'ளி'யை அடித்து மேலே 'ழி' என்று எழுதினார். அடித்த வேகத்தில் காகிதம் கிழிந்தது.

"அப்ப முதலாளிக்கும் வாலு வச்சிருவமா?" என்றார் வெள்ளைத்துரை.

"சேச்சே! முதலாளி மேல கை வைக்கக் கூடாது. அவுக எப்பிடி இருக்காகளோ அப்பிடியே இருக்கட்டும்."

ஊர்க்காவலன் காகிதத்தைப் பார்த்தான். 'முதலாளியே ஒழி.' "ஐயா, ஒரு வார்த்தை கேளுங்க. இந்த எழுத்தைப் போட்டா அர்த்தம் வேறயா போயிரும். ஒழின்னா..."

"கேட்டியா ஒச்சப்பா!" லட்சுமிகாந்தம் சிரித்தார். "கப்பல்ல வந்திறங்கினவன் நமக்குத் தமிள் சொல்லித் தாரான்! ஏலே, தமிள் எங்க வீட்டுக் கொல்லையில கெடக்கு. நாங்க என்ன எளுதினாலும் அது தமிளுதான். நீ என்ன எளுதினாலும் அது பர்மாதான். சொன்னதைச் செய். அந்தச் சிறப்பு ளகரம் மத்ததைவிடச் சிறப்பா எரியணும், ஆமா."

ஆவணியிலிருந்து ஊர்க்காவலன் நெஞ்சில் புகைந்துகொண்டிருந்தது அந்தக் கணத்தில் சட்டென்று இனிப்பாக மாறியது. இருக்கன்குடி மாரியாத்தாளே மேசைமேல் ஒரு சீப்புப் பழத்தை வைத்து 'எடுத்துக்கோ' என்ற மாதிரி இருந்தது.

"சரிங்க ஐயா. நான் வெளியூரான், தப்புப் பண்ணிருவேன். இந்தக் காகிதத்துல மூணு பேரும் ஒரு கையெழுத்துப் போட்டுத் தந்தீகன்னா அதைப் பாத்து அச்சுப் பிசகாமச் செஞ்சிருவேன்."

கையெழுத்து என்றால் கமிட்டிக்குக் கொள்ளைப் பிரியம். மூன்று பேரும் போட்டார்கள். ரப்பர் ஸ்டாம்பும் குத்தினார்கள்.

அன்றிலிருந்து ஊர்க்காவலன் வேலை செய்த அழகைப் பார்த்திருக்கவேண்டும். பதினெட்டு வருஷத்தில் செய்யாத எழுத்து! 'ழி'யின் வாலுக்கு மட்டும் நாற்பது குழல். மேல் சுழிக்கு இருபது. 'ஒழி' இரண்டு எழுத்துக்கும் மருந்தை இரட்டைக் கனத்தில் இடித்தான். வேலுத்தாய் சோறு கொண்டுவந்தவள் நின்று வாசித்துவிட்டு, புருஷனைப் பார்த்தாள், காகிதத்தில் கையெழுத்தைப் பார்த்தாள், மறுபடி எழுத்தைப் பார்த்தாள்.

"வாலு கொஞ்சம் குட்டையா இருக்கு. நீட்டுங்க" என்றாள்.

விழா அன்று பொழுது இறங்கியதும் மைதானத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். மேடையில் முதலாளி மாலைக்குள் இருந்தார். பக்கத்தில் அவர் சம்பந்தி, மதுரைக் கல்லூரியில் தமிழ் வாத்தியார். மைக்கில் லட்சுமிகாந்தம் முழங்கினார்: "இந்தக் கம்பெனியிலே வெளியாள் ஒருத்தன் கிடையாது! ஒவ்வொருத்தன் நாக்கையும் நானே சோதிச்சு எடுத்தேன்! இப்ப எங்க கமிட்டி ஒவ்வொரு எளுத்தாப் பாத்துப் பாத்து உருவாக்கின வாள்த்து! கொளுத்துலே!"

ஊர்க்காவலன் கொளுத்தினான்.

சர்ரென்று திரி ஓடியது. மைதானம் பகலாயிற்று. 'முதலாளியே ஒழி' என்று ஆளுயர எழுத்தில் எரிந்தது.

"மொதலாளியே ஒளி!" என்று கூட்டம் எழுத்துக் கூட்டி வாசித்துக் கைதட்டியது. அவர்கள் வாயில் எல்லா ழகரமும் ளகரம்தானே! முதலாளிக்குக் கண்ணில் நீர் முட்டியது. கமிட்டி மூன்றும் கைகூப்பி நின்றது.

சம்பந்தி மட்டும் சிரித்தார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். துண்டு விழுந்தது.

"என்ன சம்பந்தி, எதுக்குச் சிரிக்கீக?"

"உங்க ஆளுகளைச் சரியா வாசிக்கச் சொல்லுங்க."

லட்சுமிகாந்தம் மைக்கில் வாசித்தார். "முதலாளியே ஒளி."

"சரியாத்தான இருக்கு?" என்றார் முதலாளி.

"நாக்கை மடிச்சு வாசிக்கணும்."

வெள்ளைத்துரை வாசித்தார். "ஒள்ளி." ஒச்சப்பன் வாசித்தார். "ஒல்லி." ஃபோர்மேன், கிளார்க், லோடு ஏற்றுகிறவர்கள் என்று ஒவ்வொருவராக மைக்குக்கு வந்தார்கள். மடியவில்லை. மடிகிற நாக்காக ஒன்றுகூட இல்லாமல் எட்டு வருஷம் சலித்துப் பொறுக்கி எடுத்த கம்பெனி அது.

"நீங்களே சொல்லிருங்களேன் சம்பந்தி!"

"பொண்ணு குடுத்த வீட்டுல நின்னு அந்த வார்த்தையை நான் சொல்லக்கூடாது."

முதலாளி எழுந்து நின்றார். "ஏலே, சரியா வாசிக்கத் தெரிஞ்சவன் இங்க ஒருத்தன்கூட இல்லையா?"

மூங்கில் சட்டத்தின் பின்னாலிருந்து ஊர்க்காவலன் வந்தான். முகமெல்லாம் கரி. இதற்குள் 'முதலாளியே' அணைந்துவிட்டது. இரட்டை மருந்து இடித்த 'ஒழி' மட்டும் தனியாக ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

மைக்கைப் பிடித்தான். ரங்கூன் வாத்தியாரை மனதில் கும்பிட்டுக்கொண்டான். நாக்கை மடித்தான். அப்படியே ஒரு நொடி வைத்திருந்தான்; மாட்டுக்கொட்டத்தில் விளக்குமாற்றுக்கு அடங்கிக் கிடந்த நாக்கு அல்லவா, அதற்கும் ஆசை இருக்கும்.

"முதலாளியே... ஒழி!"

நாலு ஒலிபெருக்கியிலும் ழகரம் உருண்டுபோய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. கூட்டத்துக்கு இப்போது விளங்கியது. முதலில் பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்றாள். பிறகு மைதானம் முழுவதும் வெடித்தது. போன சீசன் போனஸை நினைத்துக்கொண்டவர்கள் கூடுதலாகவே சிரித்தார்கள்.

"பர்மாக்காரன் சதி! நான் அப்பமே சொன்னேன், இவன் ளகரம் சரியில்ல!" என்று லட்சுமிகாந்தம் அலறினார்.

ஊர்க்காவலன் மடியிலிருந்து காகிதத்தை எடுத்துச் சம்பந்தியிடம் நீட்டினான். சிவப்புப் பென்சில், மூன்று கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பு. சம்பந்தி அதிலிருந்த மூன்று பெயரையும் மைக்கில் வாசித்தார். முதலாளி மாலையைக் கழற்றினார். அதை எதற்குக் கழற்றினார் என்பதை மூன்று பேரும் மேடையைவிட்டுக் குதித்த பிறகுதான் யோசித்தார்கள்.

"கமிட்டியைக் கலைச்சிரலாமா?" என்று கிளார்க் மெதுவாகக் கேட்டார்.

"எதுக்குலே கலைக்கணும்? நல்ல கமிட்டி. ஆளைத்தான் மாத்தணும்" என்றார் முதலாளி. "சரியா வாசிக்கிறவன் தலைவனா இருக்கட்டும். பளைய மூணு பேரும் மனு எளுதிக் குடுத்துப் புதுசாச் சேரட்டும்."

ஐப்பசி முதல் மழை பெய்த திங்கட்கிழமை. கருப்பணனின் மாடு மல்லாங்கிணற்றில் தன் கொட்டத்துக்குள் போனது. வேலுத்தாய் லைன் வீட்டில் பால் காய்ச்சினாள். கமிட்டி அறையில் ஊர்க்காவலன் லட்சுமிகாந்தத்தின் நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தான்.

முதல் ஆள் உள்ளே வந்தார். கையில் மனு.

"சொந்த ஊரு?"

"எம். புதுப்பட்டி" என்றார் லட்சுமிகாந்தம்.

"பொறந்தது?"

"கோவில்பட்டி... பக்கம்."

"அப்ப எம். புதுப்பட்டின்னு ஏன் சொன்னீக?"

ஊர்க்காவலன் இழுப்பறையைத் திறந்து ஒரு பழத்தை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"இது என்ன?"

லட்சுமிகாந்தம் பழத்தைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். பெயர் சொன்னால் என்ன ஆகும், உரித்தால் என்ன ஆகும், தின்றால் என்ன ஆகும் என்று அவர் கையெழுத்திலேயே அதில் இருந்தது. நாக்கை மேலே தூக்கினார், பக்கவாட்டில் தள்ளினார், பல்லில் முட்டினார். "வா...ள்...ல...ள..." என்று வந்து நின்றது. திகைப்பில் கை தானாகப் பழத்தை எடுத்துக்கொண்டது.

ஊர்க்காவலன் அவசரப்படவில்லை. அழகான கையெழுத்தில் எழுதினான்: 'மேற்படி நபரின் ழகரம் சந்தேகத்துக்குரியது.' ஈரம் காய ஊதினான்.

"வருத்தப்படாதீக. யாரையும் ஒதுக்குறது இந்தக் கமிட்டிக்குப் பழக்கமே இல்ல" என்றான். பழக்கத்தில் நாக்கு மடிந்து, கொஞ்சம் இளைப்பாறி, மெதுவாகத்தான் இறங்கியது. "போயிட்டு வாங்க. கடுதாசி போடுதோம்."

லட்சுமிகாந்தம் கதவுவரை போய்விட்டார்.

"ஐயா."

நம்பிக்கையோடு திரும்பினார்.

"கம்பெனிச் சொத்து. பழத்தை வச்சிட்டுப் போங்க."